நெடுநொடி

செவ்வந்தி ஓர் இட்லியைத் தின்று முடிப்பதற்குள் பூபதிக்கு அரைப் பகல் கழிந்துவிடும். வீட்டில் மற்றவர்களுக்கு அது ஐந்து நிமிட வேலை. கடிகாரமும் அவர்கள் கட்சிதான். ஆனால் பூபதி கடிகாரத்தோடு பேச்சுவார்த்தையை நிறுத்தி வெகுகாலமாகியிருந்தது.

அவள் இட்லியை நேராக வாய்க்குக் கொண்டுபோகிற ஜாதியில்லை. முதலில் ஓரத்தைச் சுற்றிக் கிள்ளுவாள். கிள்ளியதை நாட்டுச் சர்க்கரையில் புரட்டுவாள். புரட்டியதைத் தூக்கிப் பார்த்து, ஏதோ குறை கண்டுபிடித்து, மறுபடியும் புரட்டுவாள். மேலுதட்டில் சர்க்கரைத் துகள் ஒட்டும். நாக்கு வெளியே வந்து அதைத் தேடும், கிடைக்காமல் திரும்பிப் போகும். கண் இமைகள் கடை ஷட்டர் இறங்குவதுபோல மெதுவாக இறங்கி, மெதுவாக ஏறும். தலைக்கு மேலே மின்விசிறியின் மூன்று இறக்கைகளும் தனித்தனியாக, எண்ணுகிற வேகத்தில் வந்து போகும். பூபதி எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பான். நாலரை வயதுப் பெண் இட்லி தின்பதை இவ்வளவு நிறையப் பார்த்த தகப்பன் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே வேறு யாரும் இருக்க முடியாது என்று அவனுக்கு ஒரு கர்வமும் இருந்தது.

இதில் ஒரே ஒரு சங்கடம். அவனால் பார்க்கத்தான் முடியும். மனசுதான் பறக்கிறதே தவிர, கையும் காலும் வாயும் பழைய வேகத்தில்தான் கிடந்தன. செவ்வந்தி, "அப்பா, இங்க பாரு," என்று சொன்னால் அது அவன் காதில் கல்லரைக்கிற மிஷின் சத்தம்போல விழும். கடைசி எழுத்து வந்து சேர்வதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும். அவன் பதில் சொல்ல மாட்டான். அவள் பக்கத்திலிருந்து பார்த்தால், வாய் லேசாகத் திறந்தபடி ஜவுளிக்கடை பொம்மை மாதிரி ஒரு அப்பா உட்கார்ந்திருப்பார்.

"அம்மா, அப்பா மறுபடியும் முழிச்சிட்டே தூங்குது," என்று செவ்வந்தி சமையலறைக்குச் செய்தி அனுப்புவாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு சின்னப் பொட்டு. அரக்கு நிறத்தில், வட்டமாக, பெண்கள் நெற்றியில் ஒட்டிக்கொள்கிற ஸ்டிக்கர் பொட்டு அளவுதான் இருக்கும். நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில், முடிக்குக் கீழே ஒட்டிக்கொண்டால் போதும். உடம்புச் சூட்டில் மருந்து உள்ளே இறங்கும். கழற்றினால் நின்றுவிடும். அதற்கு நெடுநொடி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அதைக் கொடுத்தவன் ஜெரால்டு. பூபதியோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். இப்போது, இனிப் பிழைக்க மாட்டார்கள் என்று ஆனவர்களைக் கடைசி நாட்களில் வைத்துப் பார்த்துக்கொள்கிற ஒரு விடுதியில் வேலை பார்த்தான். ஒரு நாள் டீக்கடையில் பூபதி அவனிடம் தன் மூத்த பிள்ளை இளம்பரிதியைப் பற்றிப் புலம்பப்போய் ஆரம்பித்தது எல்லாம். பரிதி பிறந்த சமயம் பூபதியைக் கம்பெனி ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிட்டது, பம்புசெட் மாட்டிக்கொடுக்க. இந்த வருஷம் வந்துவிடலாம், அடுத்த வருஷம் வந்துவிடலாம் என்று ஓட்டி, ஒருவழியாக ஊர் வந்து சேர்ந்தபோது பையன் தானாகவே குளித்துத் தானாகவே சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். ஒரு பல் விழுந்ததைக்கூட பூபதி பார்த்ததில்லை.

"இவளையாச்சும் முழுசாப் பாத்துரோணும்டா. இவளும் நாளைக்கே வளந்துருவா," என்றான் பூபதி.

ஜெரால்டு டம்ளரைக் கீழே வைத்தான்.

"மாப்ள, எங்ககிட்ட ஒண்ணு இருக்குது. போறவங்களுக்குக் குடுக்கறது. இன்னும் ஒரு சாயங்காலந்தான்னு தெரிஞ்சவங்களுக்கு. மக்க மனுசரெல்லாம் சுத்தி உக்காந்திருப்பாங்க. அந்த ஒரு சாயங்காலத்தை ரெண்டு வாரமா வாழ்ந்துட்டுப் போவாங்க."

"நேரத்தை நீட்டுதா?"

"நேரத்தை எவன்டா நீட்டறது. உன்ற மண்டைக்குள்ள ஓடற மோட்டாரோட வேகத்தைக் கூட்டுது, அவ்வளவுதான். நிமிசத்துக்கு ஒரு வாளி எறைக்கறது அறுபது வாளி எறைக்குது. கெணறு அதே கெணறுதான்."

பம்புசெட்காரனுக்கு இதைவிட விளக்கமாகச் சொல்ல முடியாது. பூபதிக்குப் புரிந்துவிட்டது. புரிந்த மாதிரி இருந்தது.

"கொழந்தைங்க கைக்கு மட்டும் போகாமப் பாத்துக்க," என்றான் ஜெரால்டு. "நம்மளது தேஞ்ச மோட்டாரு. ஒரு அளவுக்கு மேல ஓடாது. கொழந்தைங்க மண்டை அப்படியில்ல. எவ்வளவு ஓடும்னு யாருக்குமே தெரியாது. சோதிச்சுப் பாக்க எவனுக்கு மனசு வரும், சொல்லு."

பூபதி அவன் கொடுத்த பொட்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அன்று செவ்வந்தி குளியலறையில் குவளைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டபோது, ஒவ்வொரு துளியும் அவள் நெற்றியை விட்டுக் கிளம்பிக் காற்றில் நின்று விழுவதைப் பார்த்தான். அழுகை வந்தது. அவன் கண்ணீர் கன்னத்துக்கு வந்து சேர்வதற்குள் அழுகையே தீர்ந்துபோயிருந்தது.

அதற்கப்புறம் விட முடியவில்லை. அவள் செருப்பை இடம் மாற்றிப் போடும்போது கொஞ்சம். பள்ளி வேனுக்குக் காத்திருக்கும்போது கொஞ்சம். தலை பின்னும்போது முகத்தைச் சுளிப்பாளே, அப்போது கொஞ்சம். சிக்கனமான மனுஷன், ஒரு பொட்டை ஒரே மூச்சில் தீர்த்துவிட மாட்டான். சில நிமிடங்கள் ஒட்டிக்கொள்வான், கழற்றி வைப்பான், மறுபடி ஒட்டிக்கொள்வான். அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது எவ்வளவு என்று அவன் கணக்குப் போடவில்லை.

ஆனால் மண்டை கணக்கு வைத்துக்கொண்டுதான் இருந்தது. காலையில் நடந்தது அவனுக்குப் போன வாரம் நடந்ததாகத் தோன்றியது. போன வாரம் என்பது போன தீபாவளிக்கு முந்தியதாகிவிட்டது. ஆலையில் மேஸ்திரி வந்து, "சார், டெஸ்ட்டுக்குப் போட்ட பம்பு என்ன ஆச்சுங்க," என்று கேட்டால், எந்தப் பம்பு, எந்த வருஷம் என்று பூபதி முழித்தான். சாப்பிட்டோமா என்பது மறந்தது. அண்டை வீட்டுக்காரர் பெயர் மறந்தது. செவ்வந்தியின் காது மடலுக்குப் பின்னால் இருக்கும் மச்சம் மட்டும் மறக்கவில்லை.

ஒரு மழை நாளில் அது வெடித்தது. கால்பந்துப் பயிற்சி முடிந்து பரிதியைக் கூட்டிவர வேண்டியவன் பூபதி. பையன் நனைந்து, நடந்தே வீடு வந்து சேர்ந்தான். பூபதி சோபாவில் உட்கார்ந்திருந்தான்.

"காலையில படிச்சுப் படிச்சுச் சொன்னனுங்க," என்றாள் அவன் மனைவி கோகிலா.

"எந்தக் காலையில?"

நக்கல் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அது நக்கல் பண்ணுகிற முகமாக இல்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அந்தக் காலைக்கும் இந்தச் சாயங்காலத்துக்கும் நடுவில் அவன் மகளோடு பல நாட்கள் இருந்துவிட்டு வந்திருந்தான்.

அன்று எல்லாம் வெளியே வந்தது. கோகிலா கத்தவில்லை. கூட்டுறவு வங்கியில் கவுண்ட்டரில் உட்கார்ந்து நாளெல்லாம் மனிதர்களைச் சமாளிக்கிறவள். நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, அவ உங்ககிட்டப் பேசறா. நீங்க வாயத் தொறக்கறதில்ல. அவ பொம்மையைக் காட்டறா. நீங்க மொறைச்சுப் பாக்கறீங்க. இதையா ஆசைன்னு சொல்றீங்க?"

"நான் அவளை எவ்வளவு பாக்கறேன்னு உனக்குத் தெரியாது கோகிலா."

"பாக்கறீங்க. கூட இருக்கறீங்களா?"

அவனுக்குக் குழப்பமாக இருந்தது. பார்ப்பதற்கும் கூட இருப்பதற்கும் நடுவில் அப்படி என்ன பெரிய வித்தியாசம்? யோசித்தான், பிடிபடவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துப் பயந்து, இனித் தொடுவதில்லை என்று செவ்வந்தி தலைமேல் கைவைக்காத குறையாகச் சத்தியம் செய்தான்.

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே பரிதி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றான். "எம் பக்கத்துல உக்காரும்போது அதை ஒட்டிக்குவீங்களாப்பா?" என்று கேட்டான்.

"உனக்கு எதுக்கு சாமி? நீ பெரிய பையன்," என்றான் பூபதி. பாராட்டாகத்தான் சொன்னான். பரிதி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

சத்தியம் பண்ணியவன் அதைக் காப்பாற்றியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அடுத்த வாரமே செவ்வந்தி ஷூ லேஸ் கட்டப் பழகினாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, இரண்டு காதுகளை உண்டாக்கி, ஒன்றுக்குள் ஒன்றை நுழைக்கப் போராடிக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு நாளில் கற்றுவிடுவாள், அப்புறம் இந்தப் போராட்டத்தைப் பார்க்கவே முடியாது. பூபதியின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று.

ஆனால் ஒளித்து வைக்க இடம் வேண்டுமே. கோகிலா பீரோவைத் துழாவுவாள், பைகளை உதறுவாள். பூபதி குளியலறைக் கண்ணாடியைப் பார்த்தான். நம் வீட்டுக் கண்ணாடிகள் எல்லாவற்றிலும் இருப்பதுபோல அதன் ஓரத்திலும் ஒரு பொட்டு வரிசை. கோகிலா குளிக்கப் போகும்போது நெற்றியிலிருந்து எடுத்து ஒட்டியவை. சிலது பசை போனவை, சிலது இன்னும் இரண்டு நாள் தாங்குபவை. அரக்கு, கறுப்பு, சிவப்பு. அவன் தன் பொட்டைக் கழற்றி அந்த வரிசையில் ஒட்டினான். அங்கேயே பிறந்து அங்கேயே வளர்ந்ததுபோல அது ஒட்டிக்கொண்டது. கோகிலா தினமும் அந்தக் கண்ணாடியில் முகம் பார்த்தாள். கண்டுபிடிக்கவில்லை. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டான்.

கோகிலாவின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம், பொள்ளாச்சி ரோட்டில் ஒரு மண்டபத்தில். காலை முகூர்த்தம். வீடே அமளிதுமளிப்பட்டது. பரிதிக்கு வேட்டி நிற்கவில்லை. கோகிலாவுக்கு ஊசி கிடைக்கவில்லை. செவ்வந்திக்குப் பட்டுப் பாவாடை கட்டி, பூ வைத்து, பவுடர் போட்டு முடித்தபிறகு, நெற்றி வெறிச்சென்று இருந்தது. பொட்டு அட்டை எங்கே போயிற்றோ. பூபதி காரிலிருந்து ஹாரன் அடித்தான். கோகிலா குளியலறைக் கண்ணாடியிலிருந்து கைக்கு வந்த ஒன்றைப் பிய்த்து மகள் நெற்றி நடுவில் அழுத்தி ஒட்டினாள். அழகாகத்தான் இருந்தது.

"ஒரு நிமிசம்," என்று பூபதி மறுபடி உள்ளே ஓடியதை அவள் கவனிக்கவில்லை. அவன் கண்ணாடியைப் பார்த்தான். தன் பொட்டைக் காணவில்லை. விழுந்துவிட்டதா, தான்தான் தீர்ந்துபோனதென்று எறிந்துவிட்டானா? நேற்றா, போன மாதமா? யோசிக்க நேரமில்லை. ஷேவிங் டப்பாவுக்குள் ஒளித்துவைத்திருந்த புதியவற்றில் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தான்.

வழியெல்லாம் செவ்வந்தி பேசவில்லை. கதவோரம் சாய்ந்து, கண்ணைப் பாதி திறந்தபடி கிடந்தாள்.

"நேரத்துல எழுப்பீட்டமில்லீங்க, தூக்கம் போகுல," என்றாள் கோகிலா. மண்டபத்தில் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ப் பெண்கள் பக்கத்தில், பரிதி போய் உட்கார்ந்த நாற்காலிக்கு முன்னால் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். வைத்தபடியே குழந்தை இருந்தது. பக்கத்தில் இருந்த பெரியம்மா ஒருத்தி கன்னத்தைத் தொட்டு முத்தம் வைத்தாள்.

"கொழந்தைன்னா இப்படியில்ல இருக்கோணும். எத்தனை சமத்தா உக்காந்திருக்குது பாரு. எங்க வீட்டுலயும் ரெண்டு இருக்குதே, மண்டபத்தையே கொடையுது."

அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் ஆமோதித்தார்கள். கோகிலாவுக்குக் கூடப் பெருமையாக இருந்தது. மணப்பெண்ணைப் பார்க்க மேடைக்குப் போனாள்.

பூபதி எதிர்ப்பக்கம் ஆண்கள் வரிசையில், நடுவில் உட்கார்ந்திருந்தான். அங்கிருந்து பார்த்தான். பச்சைப் பட்டு, பூ, மடியில் கைகள். அவ்வளவு அடக்கமாக அவன் மகள் உட்கார்ந்து ஒரு நாளும் பார்த்ததில்லை. கோகிலா மேடையில் இருக்கிறாள், யாருக்கும் தெரியப்போவதில்லை. தலையைக் கோதுவதுபோல் கையைக் கொண்டுபோய்ப் பொட்டை ஒட்டிக்கொண்டான்.

மண்டபம் மெதுவாக நின்றது. நாதஸ்வரம் பாறை உருள்கிற ஓசையாயிற்று. அட்சதைத் தட்டு நீட்டியவரின் கை அந்தரத்தில் தங்கியது. பூபதி சாவகாசமாகச் செவ்வந்தியைப் பார்க்க ஆரம்பித்தான். ஜரிகையின் ஒவ்வொரு இழையும் பார்த்தான். நெற்றியோரம் வியர்வையில் ஒட்டிய முடியைப் பார்த்தான். சந்தோஷமாக இருந்தது. வெகுநேரம் சந்தோஷமாகவே இருந்தான்.

பிறகு ஏதோ சரியில்லை என்று தோன்றியது. இந்த வேகத்தில் அவன் அந்த முகத்தை எத்தனையோ பார்த்திருக்கிறான். அது ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை. மூக்கு நுனி அசையும், உதட்டோரம் ஏதாவது கிளம்பும், கருவிழி எதையாவது தேடிப் போகும். இப்போது எதுவும் கிளம்பவில்லை. போட்டோவைப் பார்ப்பதுபோல இருந்தது. பூபதி அவள் நெற்றிக்கு வந்தான். அரக்கு நிறப் பொட்டு. ஓரம் ஒரு பக்கம் லேசாகத் தூக்கியிருந்தது. தினமும் கழற்றிக் கழற்றி, நகம் பட்டுத் தூக்கியது. அவனுடைய நகம்.

அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிவதற்கு நேரமே ஆகவில்லை. ஆனால் எழுந்திரு என்று காலுக்குச் சொன்னால் கால் கேட்க யுகமாயிற்று. தன் பொட்டைக் கழற்றிவிட்டால் இந்த வேதனையாவது குறையும். அதற்குக் கையைத் திருப்பினால் அவள் நெற்றிக்குப் போகவேண்டிய கை தாமதப்படும். அப்படியே போனான். முன் வரிசை நாற்காலி முழங்காலில் இடித்தது. வலி மெதுவாக ஏறி வந்தது. யாரோ ஒருவர் சிரித்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோபமாக மாறுவதை, அவர் மடிமேல் விழுந்துகொண்டே அவன் பார்த்தான். எழுந்தான். மறுபடி நடந்தான். நடுவில் ஓரிடத்தில், தான் நடக்கிறோமா நிற்கிறோமா என்றே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. குழந்தைகள் மண்டை எவ்வளவு ஓடும் என்று யாருக்கும் தெரியாது. எனக்கே இப்படி என்றால் அவளுக்கு? வீட்டிலிருந்து பொள்ளாச்சி ரோடு வரை கார் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாளே. எத்தனை நாள் பார்த்தாள்? யாரைக் கூப்பிட்டாள்? கூப்பிட வாய் எங்கே திறந்தது?

கருவிழிகள் நகர்ந்தன. அவன் பக்கம்தான். நகர்ந்து வந்து அவன் மேல் நின்றன. பூபதி கையை நீட்டினான். நீட்டியபடியே போனான். போய்க்கொண்டே இருந்தான். விரல் அந்தப் பொட்டின் தூக்கிய ஓரத்தைத் தொட்டது, பிய்த்தது.

செவ்வந்தி அழவில்லை. நீண்ட பெருமூச்சு ஒன்று வந்தது. தன் கைகளைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், சொல் வரவில்லை. கோகிலா மேடையிலிருந்து ஓடி வந்தபோது அவளை யாரோ போலப் பார்த்துவிட்டு, அப்புறம் அடையாளம் கண்டுகொண்டு, மெதுவாகச் சிரித்தாள்.

டாக்டர்கள் தலையைப் படம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். ஜெரால்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தான். வராந்தாவில் பூபதியை ஓரமாகக் கூட்டிப் போனான்.

"எவ்வளவுன்னு மட்டும் கேக்காத மாப்ள. ஒரு மாசமா, ஒரு வருசமா, எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. நான் குடுத்திருக்கவே கூடாது." அவன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

கோகிலாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னான். அவள் தன் வலது கையை விரித்துப் பார்த்தாள்.

"எங்கையாலதானுங்க ஒட்டுனேன். அழுத்தி ஒட்டுனேனே," என்றாள். வீட்டுக்குப் போனதும் கண்ணாடியிலிருந்த எல்லாப் பொட்டுகளையும், தன்னுடையதையும் சேர்த்து, கத்தியால் சுரண்டி எடுத்தாள்.

பூபதி இப்போது எதையும் ஒட்டிக்கொள்வதில்லை. நாட்கள் மற்றவர்களுக்குப் போவதுபோல அவனுக்கும் போயின. அது அவனுக்குத் தலைதெறிக்கிற ஓட்டமாக இருந்தது. திங்கள் என்று நினைத்தால் வெள்ளியாகியிருக்கும்.

செவ்வந்தி மாறித்தான் போயிருந்தாள். பேச்சு திரும்பி வந்தது. மழலை வரவில்லை. ஷூ லேஸை ஒரே இழுப்பில் கட்டினாள். "நானே குளிச்சுக்கறேங்கம்மா," என்றாள். அப்பாவை நீ, வா, போ என்று கூப்பிட்டவள் நீங்க என்று கூப்பிட்டாள். வந்த உறவுக்காரர்கள், பரவாயில்லையே, மரியாதை வந்துவிட்டதே என்று மெச்சிக்கொண்டார்கள். பூபதிக்கு ஒவ்வொரு 'ங்க'வும் சுருக்கென்று தைத்தது.

ஆனால் எது அந்தப் பொட்டினால் வந்தது, எது தானாக வந்தது? அந்த வயதில் மழலை போவதுதான். எல்லாக் குழந்தையும் ஒரு நாள் தானே குளிக்கிறேன் என்று சொல்லத்தான் செய்யும். அவன் இவளிடமிருந்து ஒரு வருஷத்தைத் திருடினானா, அல்லது எந்தத் தகப்பனுக்கும் நடப்பதுதான் தனக்கும் நடக்கிறதா? கோகிலாவிடம் கேட்டான்.

"எனக்கும் தெரியிலீங்க," என்றாள் அவள். "ரெண்டுக்கும் அழுகை ஒரே மாதிரித்தான் வருது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பரிதி காம்பவுண்டுச் சுவரில் பந்தை உதைத்து உதைத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். பூபதி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். செவ்வந்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் இப்போதெல்லாம் அவனுக்கு யாரோ பெரியவர்கள் வந்து உட்கார்ந்த மாதிரி ஒரு கூச்சம். இத்தனை நாள் கேட்கப் பயந்திருந்ததைக் கேட்டுவிட்டான்.

"கண்ணு, அன்னிக்கு, கல்யாணத்தன்னிக்கு, பயமா இருந்துச்சா?"

அவள் யோசித்தாள். "கார்ல பயமா இருந்துச்சுங்கப்பா. ரொம்ப. யாருமே நகருல. அப்பறம் அழுகறதுக்கும் மறந்துபோச்சு."

பூபதி தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்பறம் நீங்க வந்தீங்க," என்றாள் செவ்வந்தி. "கையை நீட்டிட்டு வந்தீங்க. ரொம்ப ரொம்ப நாளா வந்துட்டே இருந்தீங்க. நான் உங்களையே பாத்துட்டிருந்தேன். வேற ஒண்ணும் இல்லையில்லீங்க பாக்கறதுக்கு. உங்க இந்தப் புருவத்துல ஒரு வெள்ளை முடி இருக்குது. சட்டைல மேல் பட்டன் மட்டும் வேற கலரு. கண்ணுல தண்ணி வந்துட்டிருந்துச்சு. அது எப்பக் கீழ விழுகும்னு பாத்துட்டே இருந்தேன். நான் தூங்கி எந்திரிச்சாலும் நீங்க வந்துட்டே இருந்தீங்க. அதனால அப்பறம் பயமில்லீங்கப்பா."

அவனுக்குச் சந்தோஷப்படுவதா, சாவதா என்று தெரியவில்லை. தான் இவளைப் பார்த்ததெல்லாம் சேர்த்தாலும் இவள் தன்னைப் பார்த்ததற்குக் கிட்டே வராது என்று மட்டும் புரிந்தது. இனியாவது சரியாக இருக்கவேண்டும். பொட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இவள் பேசுவாள், தான் பதில் சொல்லுவான். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முழுசாக அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"இனி அப்பா உன்கூடவே இருக்கறேன் சாமி. லீவு போட்டுர்றேன். நாள் பூரா ரெண்டு பேரும் பேசிட்டே இருக்கலாம். என்ன வெளையாடலாம், சொல்லு."

செவ்வந்தி அவன் முகத்தைப் பார்த்தாள். சாப்பிட்டு முடித்தவர்களுக்கு இன்னும் பரிமாற வந்தால், பரிமாறுகிறவர் மனசு நோகாமல் இலையின்மேல் கையை வைத்து மறைப்பார்களே, அந்த மாதிரி அவன் முழங்காலில் கையை வைத்தாள்.

"இல்லீங்கப்பா," என்றாள். "உங்களை நல்லாப் பாத்துட்டேன். அண்ணனைத்தான் பாக்கவே இல்ல. அது அன்னிக்கு மண்டபத்துல எம் பின்னால உக்காந்திருந்துச்சு. நான் அண்ணன்கூடப் போய் வெளையாடட்டுங்களா?"

அவள் அனுமதி கேட்டதற்கு அவன் தலையாட்டினானா இல்லையா என்பது அவனுக்கே நினைவில்லை. "கண்ணு," என்று கையை நீட்டினான். இந்தத் தடவை கை சட்டென்று நீண்டது. அவள் அதற்குள் படியிறங்கி, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பந்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.